சோழகங்கம் முதல் கொள்ளிடம் வரை: நம் மண்ணின் பசுமை பிறந்த வரலாறு

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு சங்கப் பொறுப்பாளர்கள் பணித்தபோது, எதைப் பற்றி எழுதுவது என்று சில நாள்கள் எண்ணிப் பார்த்தேன். கங்கைகொண்ட சோழபுரத்தைப் பற்றி எழுத வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். இராசேந்திர சோழனின் வெற்றிகளைப் பற்றியும், அவன் எடுப்பித்த கோயிலின் சிற்பச் சிறப்பைப் பற்றியும் அறிஞர் பலர் விரிவாக எழுதியுள்ளனர். அவற்றையே நானும் திரும்பக் கூறுவதால் நம் இளைஞர்களுக்குப் புதிதாகக் கிடைப்பது ஒன்றுமில்லை. ஆகவே கோயில் வாயிலைக் கடந்து வெளியே வந்து, அதைச் சூழ்ந்துள்ள நிலத்தைப் பற்றி எழுதத் துணிந்தேன். மேற்கே பொன்னேரி, கிழக்கே வடவாறு, தெற்கே கொள்ளிடம் ஆகிய மூன்றுக்கும் இடைப்பட்ட இப்பசுமையான நிலம் எவ்வாறு உண்டாயிற்று? அதை உண்டாக்கியவர் யாவர்? இவ்விரு வினாக்களுக்கும் எனக்குத் தெரிந்த அளவில் விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செம்மண் மேடும் ஆற்றுப் படுகையும்

அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் வழியாக மீன்சுருட்டிக்குப் பேருந்தில் வருவோர் சாளரத்தின் வழியே நோக்கினால், ஒரு மணி நேரத்திற்குள் மூன்று வகை நிலங்களைக் காணலாம். முதலில் வருவது அரியலூரின் சுண்ணாம்புக்கல் பூமி. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இருந்த இடம் அது. கடல்வாழ் உயிரினங்களின் ஓடுகள் கல்லாகிப் போன சான்றுகள் அங்கே ஏராளமாகக் கிடைக்கின்றன. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் உள்ள கல்மரமும் அப்பழங்காலத்தின் எச்சமே. சிமெண்டு ஆலைகள் இப்பகுதியில் அமைந்ததற்குக் காரணமும் அக்கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக்கல்தான்.

அடுத்து வருவது ஜெயங்கொண்டத்தைச் சூழ்ந்த செம்மண் மேடு. முந்திரியும் பனையும் தைலமரமும் நிற்கும் மானாவாரி நிலம். மழை பெய்தால் நிலக்கடலையும் கம்பும் விளையும். மழை பொய்த்தால் வெறும் புழுதிதான். மூன்றாவதாக, பொன்னேரிக் கரையைத் தாண்டியதும் காட்சி மாறுகிறது. வயல்களும், வாய்க்கால் ஓரத்துத் தென்னைகளும், வாழைத் தோட்டங்களும் தொடங்கிவிடுகின்றன. அங்கிருந்து தெற்கே கொள்ளிடக் கரையை அடைந்தால் நாணலும் மூங்கிலும் அடர்ந்த படுகை நிலம் விரிகிறது.

இவற்றுள் இயற்கையாகவே பசுமையாக இருப்பது ஆற்றை ஒட்டிய படுகை ஒன்றே. கொள்ளிடம் காவிரியின் வெள்ள வடிகால் ஆகும். வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்பதால் அப்பெயர் பெற்றது என்பர். ஆண்டுதோறும் அது கொண்டுவந்து சேர்த்த எக்கல் மண்தான் படுகையின் வளத்திற்குக் காரணம். ஆனால் ஆற்றை விட்டு வடக்கே சிறிது தொலைவு நடந்தால் நிலம் உயர்ந்துவிடுகிறது. ஆற்று நீர் தானாக அம்மேட்டில் ஏறாது. ஆகவே பொன்னேரிக்குக் கிழக்கே இன்று நாம் காணும் வயல்வெளி இயற்கை தந்த கொடை அன்று. மனிதர் உழைப்பால் உருவாக்கப்பட்டது. இந்த உண்மையை இளைஞர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

சோழகங்கம்

இராசேந்திரன் கி.பி. 1014 முதல் 1044 வரை ஆட்சி புரிந்தவன். அவனுடைய படைகள் 1023-ஆம் ஆண்டையொட்டி வடக்கே சென்று கங்கை நாட்டு மன்னர்களை வென்று திரும்பின. அவ்வெற்றியின் நினைவாகத் தஞ்சையை விட்டுக் கொள்ளிடத்திற்கு வடக்கே புதிய தலைநகரை அமைத்தான். அதுவே கங்கைகொண்ட சோழபுரம். நகருக்கு மேற்கே அமைந்த பேரேரிக்குச் சோழகங்கம் என்று பெயர் சூட்டினான். கங்கை நீரைக் கொணர்ந்து, தண்ணீரால் ஆன வெற்றித் தூணாக அவ்வேரியை அவன் நிறுவினான் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் போற்றுகின்றன. மக்கள் இன்று பொன்னேரி என வழங்குவது அந்த ஏரியின் எஞ்சிய பகுதியையே.

இந்த ஏரியின் பழைய அளவைப் பற்றி 1855-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஓர் ஆங்கிலக் குறிப்பு கூறுகிறது. உடையார்பாளையம் வட்டத்தில் தெற்கு வடக்காக 16 மைல் நீளமுள்ள ஏரிக்கரை ஒன்று உள்ளது என்றும், அதில் உறுதியான மதகுகள் பல அமைந்துள்ளன என்றும், கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கு மேற்பட்ட நீளமுள்ள வாய்க்கால் ஒன்று தென்முனையிலும், வெள்ளாற்றிலிருந்து சிறிய வாய்க்கால் ஒன்று வடமுனையிலும் அதற்கு நீர் கொணர்ந்தன என்றும் அக்குறிப்பால் அறிகிறோம்.

பக்கத்தில் ஆறு ஓடும்போது 60 மைல் தொலைவிலிருந்து வாய்க்கால் வெட்டுவானேன் என்று மாணவர்கள் வினவுவதுண்டு. நல்ல வினா. ஏரி அமைந்த செம்மண் நிலம் அருகிலுள்ள ஆற்றுப் படுகையைவிட உயரமானது. ஆற்றில் நெடுந்தொலைவு மேலே சென்று, நீர்மட்டம் உயரமாக உள்ள இடத்தில் வாய்க்காலின் தலைப்பை அமைத்து, ஆற்றைவிட மெல்லிய சரிவில் அதை நடத்தி வந்தால்தான் நீர் மேட்டு நிலத்தை வந்தடையும். சரிவு மிகுந்தால் நீர் தாழ்ந்த இடத்திற்குப் போய்விடும். குறைந்தால் வாய்க்கால் தூர்ந்துவிடும். கருவிகள் மிகுந்த இக்காலத்திலும் எளிதல்லாத அளவை வேலை இது. நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிவதால், தெற்கு வடக்காக ஒரு கரையை எழுப்பி, மேட்டிலிருந்து வரும் மழைநீரையும் அதே ஏரியில் தேக்கினர். ஆற்று நீர், மழைநீர் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து வைத்த திட்டம் அது.

கோயிலின் செலவைப் பற்றி இப்பக்கத்தில் ஒரு கதை வழங்குகிறது. கோயில் கட்டி முடிந்ததும் அரசன் கணக்குக் கேட்டானாம். கணக்கை முடிக்காத கணக்கர் விநாயகரை வேண்டிக்கொண்டு, கோடு பிடிக்க உதவிய நூலுக்கு மட்டும் எண்பது இலட்சம் பொன் ஆயிற்று என்று விடை சொன்னாராம். அதனால் அங்குள்ள பிள்ளையாருக்குக் கணக்கு விநாயகர் என்று பெயர். இது செவிவழிக் கதையே. ஆயினும் கோயிலின் நூலுக்குக் கணக்குச் சொல்லக் கதையாவது இருக்கிறது. ஏரியின் மண்ணுக்கு யாரும் கணக்குச் சொன்னதில்லை.

நம் மாணவர்களைக் கொண்டு நான் ஒருமுறை ஒரு கணக்குப் போடச் செய்தேன். கரையின் நீளம் 25 கிலோமீட்டர், உயரம் 5 மீட்டர், அடியகலம் 20 மீட்டர், மேலகலம் 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கரையின் மொத்த மண் 15,62,500 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 50 கூடை என்று கொண்டால், ஏழு கோடியே எண்பத்தொரு இலட்சத்திற்கும் மேற்பட்ட கூடைகள். நீள அளவு பழைய குறிப்பையொட்டியது. மற்றவை நாங்கள் வைத்துக்கொண்ட அளவுகள். அவை சற்றுக் கூடலாம், குறையலாம். ஆனால் ஒவ்வொரு கூடையும் ஒரு மனிதரின் தலையில் ஏறித்தான் கரைக்குச் சென்றது என்பதில் ஐயமில்லை. வாய்க்கால் வெட்டிய மண் இக்கணக்கில் சேரவில்லை.

ஊர்ப்பெயர்கள் கூறும் செய்தி

சோழர்களுக்குக் கங்கைகொண்ட சோழபுரம் ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் தலைநகராக விளங்கியது. அந்நகரின் பரப்பைச் சுற்றியுள்ள ஊர்ப்பெயர்களால் இன்றும் உணரலாம். அரண்மனை இருந்த மேடு மாளிகைமேடு. கோட்டைக்குள் அமைந்த ஊர் உட்கோட்டை. மெய்க்காவல் படையினரின் குடியிருப்பு மெய்க்காவல்புத்தூர். படைக்கலங்கள் இருந்த இடம் ஆயுதக்களம். கடாரங்கொண்டான் என்னும் ஊர் 1025-ஆம் ஆண்டின் கடல் கடந்த படையெடுப்பை நினைவூட்டுகிறது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையினர் மாளிகைமேட்டில் 1980-களிலும், மீண்டும் 2021 முதலும் நடத்திய அகழாய்வுகளில் செங்கற்சுவர்களும், கூரை ஓடுகளும், சீனப் பீங்கான் ஓடுகளும் வெளிப்பட்டன.

இப்பெயர்களுள் சுண்ணாம்புக்குழி என்னும் ஊர்ப்பெயர் என் உள்ளத்தை எப்போதும் ஈர்ப்பதுண்டு. ஏனைய பெயர்கள் அரசனையும் படையையும் மாளிகையையும் கூறுகின்றன. இந்த ஒரு பெயர் மட்டும் ஒரு வேலையைக் கூறுகிறது. மாளிகைகளின் செங்கல்லைப் பிணைத்த சுண்ணாம்பை யாரோ குழியிலிட்டு நீற்றியிருக்க வேண்டும். அவர்கள் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் நின்று வேலை செய்த குழி ஊரின் பெயராக நிலைத்துவிட்டது.

கல்வெட்டில் சேரி

அக்காலத்தில் நம் முன்னோர் எங்கே இருந்தனர் என்னும் வினாவுக்கு விடை, தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் பொறித்த கல்வெட்டுகளில் இருக்கிறது. கோயிலுக்கு வரி செலுத்த வேண்டிய ஊர்களின் நிலப்பரப்பைக் குறிக்கும்போது, எவ்வெந்த நிலங்கள் வரிக்கணக்கில் சேரா என்று அக்கல்வெட்டுகள் பட்டியல் தருகின்றன. ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், நிலத்தை ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள் ஆகியவற்றுடன் பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு ஆகியவையும் அப்பட்டியலில் இடம்பெறுகின்றன. தீண்டாச்சேரி என்னும் சொல்லும் அக்கல்வெட்டுகளில் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அச்சொல் கல்லில் ஏறிவிட்டது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை, மறக்கவும் கூடாது. அது நம்முடைய இழிவன்று. அச்சொல்லை ஆக்கியவர்களின் இழிவு.

இப்பட்டியலில் நாம் கருதத்தக்க செய்தி மற்றொன்றும் உண்டு. குளத்தையும் வாய்க்காலையும் சேரியையும் கல்வெட்டு ஒரே வரிசையில் வைக்கிறது. இவற்றுக்கு வரி இல்லை. ஆனால் இவையின்றி வரி செலுத்தும் வயல் ஒன்றும் இல்லை. நீரும் உழைப்பும் இருந்தால்தான் நெல் விளையும் என்பதை ஊர் அளந்தவர்கள் நன்கு அறிந்திருந்தனர். வெட்டி, அமஞ்சி என்னும் சொற்களும் சோழர் கல்வெட்டுகளில் வருகின்றன. கூலியின்றிச் செய்ய வேண்டிய கட்டாய வேலையை அவை குறிக்கும். ஏரியும் வாய்க்காலும் எவ்வகை உழைப்பால் நிலைபெற்றன என்பதை இச்சொற்களே உணர்த்துகின்றன.

சேக்கிழார் காட்டும் கொள்ளிடக் கரை

கல்வெட்டு சேரியின் பெயரை மட்டும் கூறுகிறது. சேரியின் வாழ்க்கையைக் காட்டுவது பெரியபுராணம். பன்னிரண்டாம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட காலத்தில், சேக்கிழார் அந்நூலை இயற்றினார். அதில் திருநாளைப்போவார் எனப்படும் நந்தனாரின் ஊராகிய ஆதனூரைக் கொள்ளிடம் வளப்படுத்தும் மேற்கா நாட்டில் உள்ளதாகக் கூறி, அவ்வூர்ச் சேரியை விரிவாக வருணிக்கிறார்.

அந்த வருணனையில் ஆற்றங்கரை மரங்கள் ஒவ்வொன்றும் ஒரு குடும்பக் காட்சியோடு வருகின்றன. மருத மர நிழலில் உழத்தி ஒருத்தி சிறு தோலின்மீது தன் குழந்தையை உறங்க வைக்கிறாள். வஞ்சி மர நிழலில் புதைத்த பானையில் கோழி அடைகிடக்கிறது. மாமரத்தில் பறை தொங்குகிறது. தென்னையடிப் பள்ளத்தில் நாய் ஈன்ற குட்டிகள் கிடக்கின்றன. காஞ்சி மரத்தடியில் வாழும் சேவல், விடியுமுன் கூவி உழவரை வேலைக்கு எழுப்புகிறது. நெல் குற்றும் பெண்களின் பாட்டு எங்கும் ஒலிக்கிறது.

அரசவையோடு தொடர்பு கொண்ட ஒரு புலவர், சேரிக்குள் இவ்வளவு கூர்ந்து நோக்கியிருக்கிறார் என்பது வியப்புக்குரியது. கொள்ளிடக் கரையின் மரங்களும் நம் மக்களும் ஒரே ஓவியத்தில் இடம்பெற்றுள்ளதால், இப்பசுமையின் பழைய சாட்சியாகவும் அப்பகுதியை நாம் கொள்ளலாம். அச்சேவல் கூவியதும் எழுந்து சென்றவர்களே இந்நாட்டின் வயல்களை உழுதவர்கள். பிற்காலத்தில் சுவாமி சகசானந்தர் 1916-ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் பள்ளி ஒன்றைத் தொடங்கியபோது, நந்தனார் பெயரையே அதற்குச் சூட்டினார் என்பதையும் இங்கே நினைவிற்கொள்வோம். கொள்ளிடத்தின் வடகரையில் நம் மக்களின் கல்வி வரலாறு அப்பள்ளியை விட்டுவிட்டு எழுத இயலாதது.

ஏரி அழிந்ததும் கோயில் சிதைந்ததும்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டியர் கை ஓங்கியது. 1279-ஆம் ஆண்டோடு சோழப் பேரரசு முடிவுற்றது. மாளிகைகள் மண்மேடாயின. பிற்காலத்தார் அம்மேட்டின் செங்கற்களைப் பெயர்த்துத் தம் வீடுகளுக்குப் பயன்படுத்தினர். ஏரியும் பேணுவாரற்றுப் போயிற்று. படையெடுத்து வந்த பகைவர் கரையை வேண்டுமென்றே உடைத்தனர் என்று மக்கள் சொல்லிவந்ததாக முன்னர்க் கூறிய 1855-ஆம் ஆண்டுக் குறிப்பு தெரிவிக்கிறது. அக்குறிப்பு எழுதப்பட்ட காலத்தில் ஏரியின் உட்பகுதி முழுவதும் காடு மண்டிக் கிடந்தது.

இதற்கிடையில் ஆங்கில அரசு 1836-ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டனின் திட்டப்படி கொள்ளிடத்தின் குறுக்கே கீழணையைக் கட்டியது. நாம் அணைக்கரை என்று வழங்கும் இடம் அது. வடவாறும், வடக்கு ராஜன் வாய்க்காலும், தெற்கு ராஜன் வாய்க்காலும் அங்கிருந்தே பிரிகின்றன. கல்வெட்டில் மதுராந்தக வடவாறு எனக் குறிக்கப்படும் பழைய ஆறே இவ்வடவாறு. பராந்தக சோழன் காலத்து வீரநாராயணப் பேரேரியாகிய வீராணத்திற்கு நீர் தருவதும் இதுவே. அந்த ஏரியின் நீர் 2004 முதல் சென்னை மாநகருக்குக் குடிநீராகவும் சென்றுவருகிறது. கீழணையால் விளைந்த நன்மை பெரிது என்பதில் ஐயமில்லை.

ஆனால் அந்த அணைக்குக் கல் எங்கிருந்து வந்தது? கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் மதிற்சுவரையும் சிற்ப வேலைப்பாடமைந்த கற்களையும் பெயர்த்துக்கொண்டு சென்றனர். அப்பகுதியின் ஏழை மக்கள் தம்மால் இயன்ற வரையில் அதைத் தடுத்தனர் என்றும், பயனில்லை என்றும், அவர்களே தண்டிக்கப்பட்டனர் என்றும் அக்குறிப்பு வருத்தத்தோடு கூறுகிறது. கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் காப்பாற்றப்படவில்லை. ஏழை மக்கள் என்றுதான் குறிப்பு சொல்கிறது, சாதியைச் சொல்லவில்லை. எந்தச் சேரியினர், எந்தத் தெருவினர் என்று நாம் பிரித்துப் பார்க்கவும் வேண்டியதில்லை. கோயிலைக் காக்க முன்வந்தவர்கள் ஏழைகள். இதே நாட்டில் கோயிலுக்குள் நம் மக்கள் நுழையும் உரிமையை மாகாணம் முழுவதற்குமான சட்டம் உறுதி செய்தது அதற்கு நூறாண்டுகளுக்குப் பின், 1947-ஆம் ஆண்டில்தான் என்பதையும் அதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

நீரைக் காத்தவர்கள்

ஏரியை வெட்டினால் போதாது. ஆண்டுதோறும் காக்க வேண்டும். தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில் அந்தக் காவல் ஆதிதிராவிட மக்களிடமே இருந்தது. நீர்க்கட்டி என்றும் நீர்பாய்ச்சி என்றும் அவர்களை அழைத்தனர். என் பாட்டனார் எங்கள் ஊர்ச் சிற்றேரியின் நீர்பாய்ச்சியாக இருந்தவர்.

அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் எந்த வயலுக்கு எத்தனை நாழிகைத் தண்ணீர், எந்த மடையை எப்போது திறப்பது, கடைமடைக்குத் தண்ணீர் சேர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். 1977-ஆம் ஆண்டு ஐப்பசியில், திருச்சி நகரை மூழ்கடித்த புயல் மழையின்போது எனக்கு ஏழு வயது. அன்றிரவு அவர் அரிக்கேன் விளக்கையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு கரைக்குச் சென்றார். கரையின் வெளிப்புறத்தில் கசியும் நீர் தெளிவாக இருந்தால் அஞ்ச வேண்டாம். கலங்கி வந்தால் நண்டு வளை கரையை அரிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள் என்பார். அன்று கலங்கல் கண்டது. பறையடித்து ஆட்களைக் கூட்டினர். வைக்கோலும் முள்கட்டும் களிமண்ணும் இட்டு விடியும்வரை அடைத்தனர். கரை நின்றது, கரைக்குக் கீழே இருந்த வயல்களும் பிழைத்தன. வயல்களுக்கும் தாழ்வான இடத்தில் இருந்த எங்கள் தெருவில் முழங்காலளவு தண்ணீர் நின்றது.

அந்த ஆண்டு அறுவடையில் அவருக்குக் களத்தில் வழக்கமாகக் கிடைக்கும் நெல் கிடைத்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஊருக்கெல்லாம் தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுத்த அவர், ஊர்ப் பொதுக்கிணற்றில் ஒரு குடம் நீர் இறைக்க இயலாதவராக இருந்தார். என் பாட்டி கிணற்றடியில் காத்து நின்று, யாரேனும் ஊற்றினால்தான் குடம் நிறையும். நான் நேரில் கண்டதைத்தான் எழுதுகிறேன்.

இவ்வளவுக்கும், 1924-ஆம் ஆண்டிலேயே இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து, பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் நம் மக்களுக்கும் உரியவை என நிலைநாட்டினார். 1927-ஆம் ஆண்டு மார்ச்சு 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கி நீரை அள்ளிப் பருகினார். சட்டமும் போராட்டமும் கிணற்றடிக்கு வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. மறுபுறம், நம் உழைப்பைப் பெறுவதற்கான சட்டங்கள் விரைவாகவே வந்தன. 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை முறையைச் செல்லாதாக்கியது. பதினைந்தே ஆண்டுகளில், 1858-ஆம் ஆண்டில், ஏரிக்கரை உடையும் நிலையில் மக்களைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கவும், குடிமராமத்து என்னும் வழக்கமான வேலையை வற்புறுத்திப் பெறவும் சென்னை மாகாணத்திற்கெனத் தனிச் சட்டம் செய்யப்பட்டது. கரை காக்கும் கடமை அனைவருக்கும் உரியதே. கடமையில் பங்கு கேட்ட சட்டம், விளைச்சலில் பங்கு தரவில்லை என்பதே நம் முறையீடு.

முதன்முதலாக எழுதப்பட்ட பெயர்கள்

2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த நூறு நாள் வேலையை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். இப்பகுதியின் ஏரிகளிலும் வரத்து வாய்க்கால்களிலும் அத்திட்டத்தில் மண் வெட்டியவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுள் என் தாயாரும் ஒருவர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நடந்த அதே வேலை, அதே மண், அதே கூடை. ஆனால் ஒரு வேறுபாடு இருந்தது. வருகைப் பதிவேட்டில் ஒவ்வொருவரின் பெயரும் எழுதப்பட்டது. கூலி அவரவர் கணக்கில் சேர்ந்தது.

நம் சங்கம் தொடங்கிய இரவுப் பாடசாலையில் என் தாயார் தம் அறுபதாம் வயதை ஒட்டி எழுத்துக் கற்றவர். பதிவேட்டில் கைநாட்டு வைக்க மறுத்துத் தம் பெயரை ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். பின்னால் நின்றவர்கள் நேரமாகிறது என்று முணுமுணுத்தார்களாம். “கொஞ்சம் இருங்கம்மா, எழுதிக்கிறேன்” என்று சொன்னாராம். சோழகங்கத்தை வெட்டியவர்களின் பெயர் ஒன்றும் நமக்குத் தெரியாது. இன்று ஏரி வெட்டியவர்களின் பெயர்கள் அரசுப் பதிவேட்டில் இருக்கின்றன. அவற்றுள் சில அவர்கள் கைப்பட எழுதியவை. நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளில் செய்த பணி யாது என்று யாரேனும் கேட்டால், நான் இதைத்தான் முதலில் கூறுவேன்.

இளைஞர்கள் செய்ய வேண்டுவன

2025-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சோழகங்கத்தைச் சீரமைக்கப் போவதாக மாநில அரசு அறிவித்தது. மகிழ்ச்சிக்குரிய செய்தி. நம் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி பறவைகளின் புகலிடமாகப் போற்றப்பட்டு, 2024-இல் உலக அளவிலான ஈரநிலப் பட்டியலாகிய இராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. நீர்நிலைகளின் அருமையை அரசும் உலகமும் உணரத் தொடங்கிய காலம் இது. இக்காலத்தில் நாம் ஒதுங்கி நிற்கலாகாது. 2000-ஆம் ஆண்டின் பாசன மேலாண்மைச் சட்டப்படி, நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களில் நிலம் உடையவர்களே உறுப்பினர். நீரைக் காத்தவர்களுள் பலருக்கு நிலம் இல்லை. ஆகவே அவர்களுக்கு அங்கே குரலும் இல்லை. ஆனால் கிராம சபையில் வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இடம் உண்டு. அங்கே எழுந்து பேசுவதற்கு நமக்கு அறிவும் ஆவணமும் வேண்டும்.

ஆதலால் இளைஞர்களே, மூன்று பணிகளை உங்களிடம் ஒப்படைக்க விரும்புகிறேன். முதலாவது, உங்கள் ஊரில் எஞ்சியுள்ள நீர்பாய்ச்சிகளிடம் சென்று, மடைகள், வாய்க்கால்கள், கலிங்குகள் ஆகியவற்றின் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். என் பாட்டனார் அறிந்திருந்த பெயர்களுள் பாதியைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. அந்தத் தவற்றை நீங்கள் செய்ய வேண்டாம். இரண்டாவது, புல வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஏரிப் புறம்போக்கு எது, வரத்து வாய்க்கால் எது, 1892-இன் அரசாணைப்படி நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் எது என்பதைத் தாளில் காட்டத் தெரிந்தவரின் சொல்லே சபையில் நிற்கும். மூன்றாவது, உங்களுள் சிலரேனும் நீர்ப்பொறியியலும், சிலரேனும் கல்வெட்டியலும் பயில வேண்டும். இதுவரை நம்மைப் பற்றிக் கல்லில் எழுதியவர்களும் பிறர். அதைப் படித்துச் சொன்னவர்களும் பிறர். இனி நாமே படிக்க வேண்டும்.

அடுத்த முறை பொன்னேரிக் கரையில் நிற்கும்போது, கிழக்கே விரிந்துள்ள பசுமையைச் சற்று நேரம் நின்று பாருங்கள். அரசன் ஆணையிட்டான், அது உண்மை. அளவறிந்தோர் அளந்தனர், அதுவும் உண்மை. நம் முன்னோர் கூடை சுமந்தனர், மடை திறந்தனர், நள்ளிரவில் கரை காத்தனர். அதுவும் அவற்றுக்குக் குறையாத உண்மை. அதைத் தலைநிமிர்ந்து சொல்லுங்கள். சொல்வதோடு நில்லாமல் எழுதியும் வையுங்கள்.

வெள்ளி விழாக் காணும் நம் சங்கம் பொன்விழாவும் காண்க! அந்த மலரில், நீங்கள் திரட்டிய வாய்க்கால்களின் பெயர்களும் நீர் காத்தவர்களின் பெயர்களும் இடம்பெறுக!